ஹான்ஸ் பெர்கர்: நான் சொன்ன பாதிக் கதை

தலையில் வயர் ஒட்டி ஈஈஜி எடுக்கிறார்களே, மனித மூளையிலிருந்து அதை முதலில் எடுத்தவர் ஒரு மனநல மருத்துவர். ஜெர்மனியின் யேனா நகரத்து ஹான்ஸ் பெர்கர். சில வருஷம் முன்னால் ஆபீசில் இவர் கதையைச் சொல்லிக் கைதட்டல்கூட வாங்கினேன். அதில் பாதி தப்பு.

சரியான பாதி இது. வானியல் படிக்க நினைத்த பையன் ராணுவப் பயிற்சியில் குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டிக்கு அடியில் போகாமல் மயிரிழையில் தப்பினான். அன்றைக்கே அப்பாவிடமிருந்து தந்தி, நலம் விசாரித்து. தொலைவில் இருந்த சகோதரிக்கு இவனுக்கு ஏதோ ஆபத்து என்று மனசில் பட்டதாம். மூளையிலிருந்து ஏதோ சக்தி வெளியே போகிறது என்ற எண்ணம் அப்போது பிடித்தது, கடைசிவரை விடவில்லை. மருத்துவம் படித்தார். 1897-இல் யேனா மனநல மருத்துவமனையில் சேர்ந்தார், 1919-இல் அதற்கே தலைவர், 1927-இல் பல்கலைக்கழக ரெக்டர். பகலில் நிர்வாகமும் பாடமும். ஆய்வெல்லாம் மிச்ச நேரத்தில், யாருக்கும் பெரிதாகச் சொல்லாமல்.

1924 ஜூலையில், மண்டையோட்டில் அறுவை சிகிச்சை நடந்த 17 வயதுப் பையனிடம் முதல் பதிவு கிடைத்தது. தலைத்தோலுக்கு மேல் வரும் சிக்னல் சுமார் 50 மைக்ரோவோல்ட். சாதாரண டார்ச் செல்லின் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு! இது நிஜமாகவே மூளைதானா, இல்லை நாடித்துடிப்பா, தசை அசைவா? ஐந்து வருஷம் தன்னையே சந்தேகப்பட்டு, சொந்த மகன் தலையிலும் தன் தலையிலும் அளந்து பார்த்து, 1929-இல்தான் வெளியிட்டார். கண்ணை மூடினால் நொடிக்குப் பத்து அலை, திறந்தால் காணோம். டீபக் பண்ணிப் பிழைக்கிற எனக்கு இந்த ஐந்து வருஷம்தான் ரொம்பப் பிடிக்கும். 1934-இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மேத்யூஸும் செய்து காட்டிய பிறகே உலகம் நம்பியது.

இனி தப்பான பாதி. நாஜிகள் 1938-இல் அவரை வெளியே தள்ளினார்கள், மனமுடைந்து 1941 ஜூன் 1-ஆம் தேதி தூக்கு மாட்டிக்கொண்டார் என்று சொன்னேன். பல புத்தகங்களில் அப்படித்தான் இருந்தது. தற்கொலை உண்மை, மனச்சோர்வும் இருந்தது. ஆனால் 1938-இல் அவருக்கு 65 வயது, வழக்கமான ஓய்வு. அதைவிட மோசம், கட்டாயக் கருத்தடை வழக்குகளின் மேல்முறையீட்டைக் கேட்ட யேனா மரபுநல நீதிமன்றத்தில் அவரும் உட்கார்ந்திருக்கிறார். 1941 மார்ச்சில், திரும்பவும் அங்கே வரத் தயார் என்று நன்றி சொல்லிக் கடிதமும் எழுதியிருக்கிறார்.

அந்தச் சட்டத்தின் பட்டியலில் பரம்பரை வலிப்பும் ஒன்று. ஈஈஜியால் அதிகம் பயன் பெற்றதே வலிப்பு நோயாளிகள்தான்.

அன்றைக்குக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், தன் தம்பிக்கு வலிப்பு, அவனுக்குக் காட்டணும் என்று ஸ்லைடுகளை வாங்கிப் போனார். போன வாரம் அவருக்கு மெயில் போட்டு மீதியையும் சொன்னேன்.