புறக்கோட்டைத் தைலமும் உடம்புக்குள் இருக்கும் ‘பீஸ்’உம்

புறக்கோட்டை கபோஸ் லேனில் நாட்டு மருந்துக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. உளுந்துத் தைலம், பிண்டத் தைலம், நாராயண தைலம், எது கேட்டாலும் கிடைக்கும். வன்னியிலிருந்து கொழும்பு வைத்தியசாலைகளுக்கு வந்தவர்கள், ஊருக்கு பஸ் ஏறுமுன் இங்கே ஒரு போத்தல் வாங்கிக்கொண்டு போவதும் உண்டு. 2009க்குப் பிறகும் பலருடைய உடம்பில் செல் துண்டுகள் அப்படியே இருக்கின்றன. குளிர் வந்தால் உளைவு, பாரம் தூக்கினால் நாரி நோ. உருவிவிட்டால் சுகம் வரும் என்ற நம்பிக்கை இயல்பானதுதான்.

சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என ஒன்பது வகை. நொச்சி, ஆமணக்கு இலைகளை வதக்கிக் கட்டும் ஒத்தடம் வேறு. வர்மக் கணக்கில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம், ஆக 108 புள்ளிகள். சிங்கள, தமிழ் ஊர்கள் இரண்டிலும் முறிவு நெரிவு வைத்தியப் பரம்பரைகள் உள்ளன.

தசைப்பிடிப்புக்கும் நாரி நோவுக்கும் உருவுதல் கொஞ்சக்கால ஆறுதல் தரும். நீண்டகாலப் பலனுக்கு ஆதாரம் குறைவு. கணினி முன் இருந்து வந்த கழுத்துப் பிடிப்புக்கு நானும் எண்ணெய் போட்டு உருவுவித்திருக்கிறேன். இரண்டு நாள் நல்ல சுகம், மூன்றாம் நாள் பழையபடி.

ஆனால் ‘பீஸ்’ உள்ள உடம்பு வேறு கதை. துண்டு நரம்புக்கோ இரத்தக் குழாய்க்கோ பக்கத்தில் இருந்தால், அந்த இடத்தை அழுத்துவது ஆபத்து. முதலில் எக்ஸ்ரே எடுத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் படத்தை வைத்தியரிடமும் உருவுகிறவரிடமும் காட்ட வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் உடம்பில் உலோகம் இருப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். பழைய காயம் சிவந்தால், வீங்கினால், சீழ் வந்தால் எண்ணெய் வைக்கவே கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி நோகிறதா? அது இரத்தக் கட்டியாக இருக்கலாம். உருவாமல் வைத்தியசாலைக்குப் போங்கள். முள்ளந்தண்டுக் காயத்தால் உணர்வு இல்லாதவர்களுக்குச் சூட்டு ஒத்தடம் கொடுத்தால், தோல் வெந்தாலும் தெரியாது. கழுத்தை ‘டக்’ என்று முறித்துவிடுவதை யாருக்குமே நான் சொல்லமாட்டேன். கழுத்து இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவப் பதிவில் உண்டு.

யாரிடம் போவது? 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் சித்த, ஆயுர்வேத, யுனானி, பாரம்பரிய வைத்தியர்கள் பதிவு செய்யப்படுகிறார்கள். பதிவு இலக்கத்தைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. கைதடியில் சித்த போதனா வைத்தியசாலை இருக்கிறது, பொரளையில் தேசிய ஆயுர்வேத வைத்தியசாலை. அரச வைத்தியசாலைகளின் இயன் மருத்துவப் பிரிவில் பயிற்சியும் இலவசம். கிழமைக்கொரு தரம் காசு கொடுத்து உருவுவதைவிட, வீட்டில் நாளாந்தம் செய்யும் அந்தப் பயிற்சிதான் பலருக்குக் கூட உதவும்.

கால் இழந்தவர்களுக்கு இல்லாத காலே நோகும். அதை எந்தத் தைலமும் தொடாது. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் ஒரு வழி கண்டார். இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் காலின் பிம்பத்தைப் பார்த்தபடி அதை மெதுவாக அசைக்க வேண்டும். மூளை, இழந்த கால் அசைவதாகக் காண்கிறது. எல்லோருக்கும் பலிப்பதில்லை, சிலருக்கு நோ குறைகிறது. செலவு ஒரு கண்ணாடி மட்டுமே. தொடங்குமுன் இயன் மருத்துவரிடம் ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள்.