அகத்தியர் மலையும் ஆடும் ஊசலும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகக் கிழக்கே சென்றால் மலைச்சாரலில் போனக்காடு தோன்றும். ஆங்கிலேயர் காலத்தில் உருவான தேயிலைத் தோட்டம் அது. தமிழகத்திலிருந்து மலையேறிய நம் உழைப்பாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த மண். இன்று ஆலை ஓய்ந்து கிடக்கிறது. அதற்கு மேலே, 1,868 மீட்டர் உயர்ந்து நிற்கிறது அகத்தியர் கூடம்.

சிவபெருமான் திருமணம் காண உலகோர் அனைவரும் இமயத்தில் திரண்டதால் வடபுலம் தாழ்ந்து தென்புலம் உயர்ந்ததென்றும், அதைச் சமன் செய்யவே அகத்தியர் தெற்கே வந்தாரென்றும் புராணம் கூறும். புலம்பெயர்ந்து வாழும் நாம் இக்கதையைச் சொல்லும்போது, “அவ்வளவு பெரிய இமயத்தின் பாரத்தால் பூமி சாயாதா?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். கதைதானே என்று நாம் வாயடைத்துவிடலாகாது. அவ்வினாவுக்கு அறிவியல் உலகம் விடை தேடிய வரலாறு ஒன்று உண்டு.

எடை என்பது பூமி ஒரு பொருளை இழுக்கும் விசை. கைவிட்ட கல்லின் வேகம் ஒவ்வொரு நொடியும் நொடிக்கு ஏறத்தாழ 9.8 மீட்டர் மிகுகிறது. காற்றின் தடை இல்லையேல் கல்லும் இறகும் ஒருசேரவே விழும். உயரே செல்லச் செல்ல இவ்விழுப்பு சற்றே தளர்கிறது. உயரத்தை மட்டும் கருதினால், அகத்தியர் கூடத்தின் உச்சியில் 100 கிலோ பொருளின் எடை ஏறத்தாழ 60 கிராம் அளவு குறையும். தராசு இதைக் காட்டாது. படிக்கல்லின் எடையும் உடன் குறையுமன்றோ! ஊசற்கடிகாரமோ காட்டிவிடும்: நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 நொடி பின்தங்கும். விழ முயன்று, கட்டுண்டமையால் ஆடும் பொருளே ஊசல். இழுப்பு தளர்ந்தால் ஆட்டமும் தளரும்.

இம்மலையிலேயே 1855-இல் ஓர் ஆய்வுக்கூடம் எழுந்தது. சுவாதித் திருநாள் 1837-இல் தோற்றுவித்த திருவனந்தபுரம் வானாய்வகத்தின் அன்றைய தலைவர் ஜான் ஆலன் பிரௌன், மற்றொரு விசையாகிய பூமியின் காந்த விசையை அங்கே அளந்தார். அவ்வளவைகள் 1874-இல் நூலாயின. கருவிகளைச் சுமந்தேறிய தோள்களும் அவ்வரலாற்றின் பகுதியே என்பதை நாம் மறத்தலாகாது.

அதே 1855-இல் இமயத்தின் எடையும் ஆராயப்பட்டது. அம்மலைத்தொகுதி, நில அளவையாளரின் தூக்குநூலைக் கணக்குப்படி இழுக்க வேண்டியதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே இழுத்தது என்று கல்கத்தாவில் வாழ்ந்த பிராட் காட்டினார். இங்கிலாந்தின் வானியலாளர் ஏரி அதற்கு விளக்கம் தந்தார்: நீரில் மிதக்கும் மரக்கட்டைபோல, மலைகளின் இலேசான அடிப்பகுதி, அடர்த்தி மிக்க கீழடுக்கில் ஆழ அமிழ்ந்துள்ளது. பின்னர் 1865 முதல் பசேவி என்னும் நில அளவை அதிகாரி, குமரிமுனைக்கு அருகிலுள்ள புன்னை தொடங்கி இமயம் வரை ஊசல்களை ஆடவிட்டு ஈர்ப்பை அளந்தார். மலையின் பருமனைக் கொண்டு எதிர்பார்த்ததைவிட இமயப் பகுதியில் ஈர்ப்பு குறைவாகவே இருந்தது. அப்பணியிலேயே 1871-இல் லடாக்கின் உயர்நிலத்தில் அவர் உயிர் நீத்தார்.

ஆகவே பாரம் ஏறினால் நிலம் அமிழும் என்பது உண்மையே. ஆனால் அதைத் தாங்கிச் சமன் செய்வது தென்கோடியில் வைத்த எதிரெடை அன்று. அடியிலிருந்து எழும் மிதப்பு விசையே. கதை அறிவியலாகிவிடாது, எனினும் நல்ல வினாவை எழுப்பும் கதை வீண்போவதில்லை.

நம் பிள்ளைகளுக்கு ஒரு மீட்டர் நூலும் ஒரு கல்லும் போதும். கட்டித் தொங்கவிட்டு மெல்ல ஆட்டினால், ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் செல்ல ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். போனக்காட்டிலும் அப்படியே; நாம் குடியேறிய ஊரிலும் அப்படியே. அந்த ஆட்டத்தைக் காட்டிய பிறகு அகத்தியர் கதையைச் சொல்வோம். பிள்ளைகள் மீண்டும் கேட்பார்கள். அக்கேள்விக்குச் செவிசாய்ப்பதே நம் கடமை.