அயன்மையும் உடன்வாழ்வும்: ஆல்பிரட் சூட்ஸின் இரு கட்டுரைகள்

மனிதன் தன் சமூகத்தில் அயலானாவது பற்றி ஆராய்ந்தோருள் மார்க்சின் வழிநின்றோர் உழைப்பையும் உடைமையையும் காரணமாகக் காட்டுவர். அனுபவம் உள்ளத்திற்குத் தோன்றுமாற்றை ஆராயும் நிகழ்வியலைச் சமூகவியலுக்குக் கொணர்ந்த ஆல்பிரட் சூட்ஸ் (1899–1959) காலத்தையே முதன்மையாகக் கருதினார். நேர்நின்று பழகும் இருவர் ஒருவர் எண்ணவோட்டத்தை மற்றவர் உடனிருந்து உணர்ந்து, சேர்ந்து மூப்படைகின்றனர். 'நாம்' என்னும் உணர்வு அவ்வழிப் பிறக்கின்றது. 1932இல் வெளிவந்த அவர்தம் செருமானிய நூலின் கருத்து இது.

யூதராகிய சூட்ஸ், 1938இல் ஆஸ்திரியா செருமனியோடு இணைக்கப்பட்டபின் வியன்னாவில் வாழ இயலாதவராய்ப் பாரிசில் தங்கி, 1939இல் நியூயார்க்கு சேர்ந்தார். பகலில் வங்கித் தொழிலும் இரவில் மெய்யியலுமாக அவர் வாழ்வு கழிந்தது. 1944இல் அவர் எழுதிய 'அயலான்' என்னும் கட்டுரை, புதிய குழுவை அணுகுவோனின் இடர்ப்பாட்டை விளக்குகின்றது. குழுவினர்க்கு வினாவின்றி விளங்குவன எல்லாம் அவனுக்கு வினாக்களாகின்றன. அவர்தம் நிகழ்காலத்தில் அவன் பங்கு பெறலாம். இறந்தகாலத்தில் பெறல் இயலாது.

மறு ஆண்டில் வெளிவந்த 'வீடு திரும்புவோன்' இதனினும் ஆழமுடையது என்பது எம் கருத்து. மொழியும் வழக்கும் அறிந்த போர்வீரன் தன் இல்லத்திலேயே அயலானாகின்றான். அவன் நினைவில் நின்றுவிட்ட வீடு அவனின்றி வாழ்ந்து மாறியிருக்கின்றது. வீட்டாரும் செய்தித்தாள் தீட்டிய பொதுவான வீரனையே எதிர்நோக்குகின்றனர். அறியாமையே அயன்மையின் காரணமாயின் இவன் அயலானாதல் வேண்டா. இடையே அறுந்தது உடன்கழிந்த காலமே. ஆதலின் திரும்புவோனைப் போன்றே வீட்டாரையும் ஆயத்தப்படுத்துதல் வேண்டும் என்றார் சூட்ஸ். முதல் உலகப்போரில் இத்தாலியப் போர்முனையினின்று, பேரரசு சிதைந்த வியன்னாவிற்கு மீண்டவர் அவர் என்பது ஈண்டு நினையத்தக்கது.

எனினும் ஒரு குறை உண்டு. 'அயலான்' கட்டுரை, குழுவிற் சேர விரும்பி வருவோனையே முன்னிறுத்துகின்றது. துரத்தப்பட்டு வந்தோன் நிலையை அது தனியே ஆராயவில்லை. எழுதியவர் தாமே அந்நிலையினர். பொதுமை நாடும் அறிவியல் நடை இம்மௌனத்திற்கு ஒரு காரணமாகலாம். ஆயினும் ஏற்கும் குழுவின் வலிமையும் வெறுப்பும் கணக்கிற் சேராவிடில், அயன்மை அயலானின் அறிவுக்குறையாகவே தோன்றிவிடும்.

1951இல் அவர் இசையை ஆராய்ந்தார். என்றோ மறைந்த இசைப்புலவனும் இன்று கேட்போனும், இசை ஒழுகும் அளவும் ஒரே அகக்காலத்தில் உடனுறைகின்றனர் என்பது அக்கட்டுரையின் முடிபு. முன்னர் அயலானுக்கு மறுத்த இறந்தகாலத்தினுள் இங்கு ஒரு சிறு வாயில் திறந்திருத்தல் காண்க.