கோபுரச் சுதையும் அமில-கார வினையும்

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலின் கிழக்கு இராசகோபுரம் 11 நிலைகளும் 217 அடி உயரமும் கொண்டது. கிருட்டிணதேவராயர் தொடங்கிய இப்பணியை 16-ஆம் நூற்றாண்டில் தஞ்சை செவ்வப்ப நாயக்கர் நிறைவு செய்தார். இத்தகைய கோபுரங்களில் அடித்தளம் கருங்கல்லாலும், மேல்நிலைகள் செங்கல், சுண்ணாம்புச் சுதையாலும் அமைவது மரபு.

சுதை இறுகுவது ஓர் அமில-கார வினையாகும். சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு எஞ்சுகிறது. நீர் விட்டால் அது கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகிறது. கால்சியம் ஐதராக்சைடு எனப்படும் இது ஒரு காரம். ஆரத்தி நீரில் மஞ்சளைச் சிவப்பாக்குவதும் இதுவே. பூச்சின் ஈரத்தில் கரையும் கரியமில வாயு கார்பானிக் அமிலமாகி இக்காரத்தை நடுநிலையாக்க, சுதை மீண்டும் சுண்ணாம்புக்கல்லாக இறுகுகிறது. கொத்தர்கள் கடுக்காய் ஊறலையும் வெல்லத்தையும் இதில் சேர்த்தனர்.

சுண்ணாம்பின் காரத்தன்மைக்கும் கரியமில வாயுவுக்கும் உள்ள தொடர்பை ஸ்காட்லாந்தின் சோசப் பிளாக் 1756-இல் விளக்கினார். அதற்கு முன்பே இக்கோபுரம் எழுந்துவிட்டது.

சுதையை இறுக்கிய அமிலமே மழைநீரில் மிகும்போது அதனைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. எனவே சுதைக்குப் பராமரிப்பு தேவை. பழுதுபார்க்கச் சிமெண்டு பூசினால், அது ஈரத்தை உள்ளே அடைத்து, கரையும் உப்புகளையும் சேர்த்துப் பழைய சுதையை உதிர்க்கும். பழஞ்சுவருக்குச் சுண்ணாம்பே பொருந்தும் என்று மரபுக் காப்பாளர்கள் கூறுவது இதனாலேயே.