டெலிவிஷன் பெட்டியும் கொடிக்கம்பத்து நிழலும்

"ஆராய்ச்சி, ஆராய்ச்சின்னு ஊர் ஊராச் சுத்துறியே, அப்படி என்னதான்யா செய்றே?" என்று சென்ற சந்திப்பு விழாவில், பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த வகுப்புத் தோழர் கேட்டார். ரசம் வந்துவிட்டதால் பதில் பாதியில் நின்றுபோனது. மீதியை இந்த மலரில் சொல்லிவிடுகிறேன். இன்று நம் கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கும் பயன்படலாம்.

ரேடியோவும் டெலிவிஷனும் சின்னப் பிள்ளைகளுக்கு அறிவியலும் கணக்கும் சொல்லிக் கொடுக்க முடியுமா? முடியும் என்றால், பிள்ளை கற்றுக்கொண்டது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? இதுதான் என் வேலை. கேள்வி சின்னது, அதன் வரலாறு பெரியது.

1975-ல் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஐந்தாம் வகுப்பு மாணவன். மாலையில் அப்பாவோடு பென்னிங்டன் நூலகத்துக்குப் போவேன். 1875-ல் தொடங்கிய அந்த நூலகத்துக்கு அப்போது வயது நூறு. "ஆகாயத்துல இருந்து கிராமத்துக்குப் பாடம் நடத்தப் போறாங்களாம்டா" என்று அப்பா பத்திரிகையைப் பார்த்துச் சொன்னது நினைவிருக்கிறது.

அது 'சைட்' என்ற செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிப் பரிசோதனை. விக்ரம் சாராபாய் கண்ட கனவு. 1969-ல் அமெரிக்காவின் நாசாவுடன் ஒப்பந்தம் ஆனது. அவர் 1971-ல் மறைந்துவிட்டார், திட்டம் நிற்கவில்லை. நாசாவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வழியாக 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு ஒளிபரப்பு நடந்தது. கம்பி வலையால் செய்த பத்தடி அகல ஆண்டெனாக்களை நட்டார்கள். காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு மொழியிலும் இருபத்திரண்டரை நிமிடம். இந்தி, கன்னடம், ஒரியா, தெலுங்கு என்று நான்கு மொழிகள். யஷ்பால் போன்ற விஞ்ஞானிகளே குழந்தைகளுக்கான அறிவியல் நிகழ்ச்சிகளில் அக்கறை காட்டினார்கள். ஏறத்தாழ 50,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு விடுமுறைக் காலத்தில் டெலிவிஷன் துணையோடு அறிவியல் பயிற்சியும் கிடைத்தது.

தமிழ்நாடு அந்த ஆறு மாநிலங்களில் இல்லை. வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் ராஜபாளையத்தில் எத்தனையோ உண்டு. ஆனாலும் அந்தத் தெலுங்குப் பாடத்தை இங்கே பார்க்க வழியில்லை.

எங்களுக்கு வாய்த்தது ரேடியோ. 1963-ல் தொடங்கிய திருநெல்வேலி வானொலி நிலையம் எங்கள் பக்கத்துக்குத் தெளிவாகக் கேட்கும். ஒருநாள் பள்ளி ஒலிபரப்பில் நிழலைப் பற்றிய பாடம். தலைமையாசிரியர் அறை வாசலில் தரையில் உட்கார்ந்து கேட்டோம். பாதி புரிந்தது, பாதி கரகரத்தது. முடிந்ததும் எங்கள் வாத்தியார் ரேடியோவை அணைத்துவிட்டு, "வாங்கடா வெளியே" என்றார். மூன்றடிக் குச்சி ஒன்றை வெயிலில் நட்டு, அதன் நிழலும் மூன்றடி ஆகும்வரை காத்திருக்க வைத்தார். ஆனதும், "இப்ப ஓடிப்போய்க் கொடிக்கம்பத்து நிழலை அளங்க" என்றார். கம்பத்தில் ஏறாமலே உயரம் கிடைத்துவிட்டது!

அன்று மாலையே நாலைந்து பேர் ஆண்டாள் கோவில் ராஜகோபுரத்தை அளக்கக் கிளம்பினோம். 192 அடிக் கோபுரத்தின் நிழல் தெருவில் விழுந்து, எதிர்வீட்டுக் கூரைகள்மேல் ஏறி வளைந்து கிடந்தது. அளக்க முடியவில்லை. மறுநாள் சொன்னபோது வாத்தியார் சிரித்துவிட்டு, "ஏன் முடியலேன்னு யோசிச்சியா? அதான்டா பாடம்" என்றார். எனக்குள் ஆராய்ச்சி புகுந்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

உலகில் இந்தத் துறைக்கு அடித்தளமிட்டது 1969 நவம்பர் 10-ல் அமெரிக்காவில் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்'. எட்வர்டு பாமர் என்ற ஆய்வாளர் அதற்காக ஒரு வேடிக்கையான உத்தி செய்தார். டி.வி.க்குப் பக்கத்தில் இன்னொரு திரை வைத்து, சில நொடிகளுக்கு ஒருமுறை அதில் படத்தை மாற்றினார். குழந்தையின் கண் எப்போது டி.வி.யை விட்டு அந்தப் பக்கம் போகிறதோ, அந்த இடத்தில் நிகழ்ச்சி சலிக்கிறது என்று பொருள். முதல் மதிப்பீடுகள், அதிகம் பார்த்த பிள்ளைகள் அதிகம் கற்றதாகச் சொல்லின. ஆனால் 1975-ல் தாமஸ் குக் குழுவினர் அதே விவரங்களைத் திரும்ப அலசினார்கள். பார்த்ததால் மட்டும் அல்ல, பார்க்கச் சொல்லிப் பெரியவர்கள் ஊக்கியதாலும் வந்த பலன் அதில் கலந்திருக்கிறது என்று காட்டினார்கள்.

நம் 'சைட்' ஆய்வாளர்கள் இதில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள் என்பேன். வினாத்தாளோடு நிற்காமல், மானிடவியலாளர்களைக் கிராமங்களிலேயே மாதக்கணக்கில் தங்க வைத்தார்கள். பினோத் அகர்வால் அந்தப் பணியை முன்னின்று நடத்தினார். பள்ளி வருகையில் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆனால் பிள்ளைகளின் மொழித்திறன் வளர்ந்திருந்தது. பள்ளிக்கு வெளியேயும் விஷயம் தேடும் ஆர்வம் கூடியிருந்தது.

இதையெல்லாம் புத்தகத்தில் படித்திருந்தும் நான் தவறினேன். 1990-களின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில், வாடகை டி.வி.யும் டெக்கும் வைத்துச் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் கேசட் போட்டுக் காட்டினேன். பிறகு கேள்வி கேட்டேன். "நிழல் ரொம்பக் குட்டையா இருக்கிறது எப்போ?" விடைத்தாளில் 'நண்பகல்' என்று எழுதி வைத்திருந்தேன். ஒரு சிறுமி, "சங்கு ஊதுறப்ப சார்" என்றாள். தவறு என்று குறித்துக்கொண்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. மறுநாள் போய், "உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டேன். "அம்மாவுக்கு மில்லுக்குச் சோறு கொண்டு போவேன் சார். சங்கு ஊதும். அப்ப என் நிழல் காலுக்குள்ளேயே கெடக்கும்" என்றாள்.

ஆகஸ்டு கடைசியிலும் ஏப்ரல் நடுவிலும் உச்சிவேளையில் சூரியன் நம் ஊருக்கு நேர் மேலே வருகிறது. என் கேசட்டில் இல்லாத அந்த உண்மையைச் செருப்பில்லாத கால்களால் அவள் கண்டிருந்தாள். நானோ அவளுக்குப் பூஜ்யம் போட்டிருந்தேன். குறிப்பேட்டில் அதை அடித்துத் திருத்திய கோடு இன்றும் இருக்கிறது. அன்று முதல் 'சரியா, தவறா' என்பதோடு 'எப்படித் தெரியும்?' என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்கிறேன்.

காலம் மாறியது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இதழ் 1987-ல் வந்தது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2020-ல் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது, எத்தனையோ வீடுகளில் அதுவே வகுப்பறை. ஆனாலும் 2021-ல் 'இல்லம் தேடிக் கல்வி' என்று தன்னார்வலர்களைப் பிள்ளைகளிடம் அனுப்ப வேண்டி வந்தது. பெட்டி பாடம் சொல்லும். பிள்ளை சொல்வதைக் கேட்க ஆள் வேண்டும்.

தோழரே, நான் செய்யும் ஆராய்ச்சி இவ்வளவுதான். நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேரன், பேத்தி கையில் செல்போனைக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். படம் முடிந்ததும் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு வெயிலுக்கு வாருங்கள்.