ஏழு முழத் தெரு

ஹிஜ்ரி 17ஆம் ஆண்டில் (கி.பி. 638) இராக்கில் கூஃபா நகரம் உருவாயிற்று. மதாயின் நகரின் தட்பவெப்பம் அரபுப் படையினரின் உடலுக்கு ஒவ்வாததால், கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆணைப்படி ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் அங்கே இடம் பெயர்ந்தார்கள். முதலில் எழுந்தவை நாணல் குடிசைகளே. அவை தீக்கிரையான பின்னர்தான் செங்கல் வீடுகளுக்கு அனுமதி கிடைத்தது; அதுவும் ஒருவருக்கு மூன்று அறைகளுக்கு மேல் கூடாது என்ற நிபந்தனையோடு.

வரலாற்றாசிரியர் தபரீ தரும் தெருக் கணக்குதான் நம்மை வியக்க வைக்கிறது. முதலில் பள்ளிவாசலுக்கு இடம் குறித்தார்கள். அதன் நடுவில் நின்று வலிமைமிக்க வில்லாளி ஒருவர் அம்பெய்தார். அம்புகள் விழுந்த எல்லைக்கு அப்பால்தான் வீடுகள். பெருஞ்சாலைகளுக்கு 40 முழம், அடுத்தவற்றுக்கு 30, பின்னர் 20, சந்துகளுக்கு 7. ஏழுக்குக் குறைந்த வழியே இல்லை. வழியின் அகலத்தில் பிணக்கு எழுந்தால் ஏழு முழம் விடவேண்டும் என நபி (ஸல்) அவர்கள் அளித்த தீர்ப்பு புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது.

பாக்தாதின் கதை வேறு. ஹிஜ்ரி 145இல் (762) கலீஃபா மன்ஸூர் வட்ட வடிவில் நான்கு வாயில்களோடு அதைக் கட்டத் தொடங்கினார். மதில்களுக்கிடையிலான குடியிருப்புத் தெருக்களின் இரு முனைகளிலும் உறுதியான கதவுகள் இருந்தன என்றும், அவற்றுள் எதுவும் அரண்மனை வெளியோடு இணையவில்லை என்றும் யஃகூபீ எழுதுகிறார். ஹிஜ்ரி 157இல் சந்தைகளும் தெற்கே கர்குக்கு வெளியேற்றப்பட்டன. மக்களும் சரக்கும் தடையின்றிச் செல்ல வழியிருந்த கர்கிலும், தஜ்லா ஆற்றின் கீழ்க்கரையிலிருந்த ருஸாஃபாவிலும் நகரம் பெருகியது. அந்த வட்ட மதிலில் ஒரு துண்டுகூட இன்று தரைமேல் நிற்கவில்லை.

ஊர் வளர்கையில் மனைகள் பிரிகின்றன. ஒவ்வொரு வீடும் தெருவிலிருந்து சிறிது எடுத்துக்கொள்கிறது. இதை அறிந்தே ஃபிக்ஹு அறிஞர்கள் இருபுறமும் திறந்த தெருவையும் முட்டுச்சந்தையும் வேறுபடுத்தினர். முட்டுச்சந்து அங்கே வாசல் உடையோருக்குரியது. மற்றவர் இசைவின்றி அதில் புதுவாசல் திறத்தல் ஆகாது. திறந்த தெருவோ வழிப்போக்கர் அனைவரின் உரிமை. அதில் திண்ணை கட்டுவதையும் மரம் நடுவதையும் இமாம் நவவீ (ரஹ்) மின்ஹாஜில் தடுக்கிறார்கள். மாடத்தை வெளியே நீட்டுவதாயின் அதன்கீழ் மனிதர் நிமிர்ந்து நடக்கவேண்டும். வணிகக் கூட்டங்கள் செல்லும் வழியாயின் ஒட்டகம் தன்மேல் கட்டிய பல்லக்கோடு கடக்கவேண்டும். ஸுல்ஹு பாடத்தில் வரும் இப்பகுதியை ஒட்டகக் காலத்துச் செய்தியென எண்ணி மாணவர்கள் விரைந்து கடப்பார்கள். நாமும் பல ஆண்டுகள் அவ்வாறே கடந்தோம்.

சென்ற ஆண்டு நம் ஊரின் விரிவாக்கப் பகுதி ஒன்றில், இரு மனைப்பிரிவுகளுக்கிடையே மதில் எழுந்தது. ஐந்து நிமிடத்தில் மக்தபுக்கு வந்த பிள்ளைகள் இப்போது நெடுஞ்சாலையைச் சுற்றி வருகிறார்கள். சிறியவர்களின் வருகை குறைந்துவிட்டது. மதில் எழுப்பியோர் அது தங்கள் முட்டுச்சந்து என்கிறார்கள். பெரியவர்களோ மாட்டுவண்டி போன வழி என்கிறார்கள். ஜமாஅத்தினர் பழைய பத்திரங்களைத் திரட்டி வருகிறார்கள். மின்ஹாஜின் அந்தப் பக்கத்தை இவ்வாண்டு மாணவர்களோடு இரண்டு முறை வாசித்தோம்.