மடாதிபதியின் ஊரும் பேராயரின் பெயரும்

யூபிலிக்காகப் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டியபோது எழுந்த சிந்தனை இது.

நடுக்கால இங்கிலாந்தின் துறவியர் பலர் பிறந்த ஊரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டனர். 1327-இல் செயின்ட் ஆல்பன்ஸ் மடாதிபதியான ரிச்சர்டு, கொல்லர் மகன். உலகுக்கோ அவர் ‘வாலிங்போர்டு’ ஊர் ரிச்சர்டு.

நம் முத்துக்குளித்துறையில் 1530-களில் மனந்திரும்பிய பரதவர் போர்த்துக்கீசியக் குடும்பப் பெயர்களை ஏற்றனர். 1923-இல் தூத்துக்குடியின் முதல் ஆயரான ரோச் ஆண்டகையின் பெயர் அவ்வழி வந்ததே.

உள்நாட்டிலோ தந்தை பெயர் முன்னெழுத்தாகும். புனிதர் பெயர் தமிழாகும். நம் சென்னை-மயிலைப் பேராயர்கள் அருளப்பா (1965–1987), சின்னப்பா (2005–2012) ஆகியோரின் பெயர்கள் யோவானும் பவுலுமே!

கலியாண ஓலை எழுதும்போது குடும்பப் பெயரைத் துருவிக் கேட்போர் உண்டு. அவர்கள் தேடுவது சாதியை. நான் ஞானஸ்நானப் பெயரையும் பெற்றோர் பெயரையும் மட்டுமே எழுதித் தருகிறேன்.